டிஎக்ஸ்7: நினைவக பேட்டரியை மாற்றிய விதம்

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் (மின்னணு இசைக் கீபோர்டு), உள்ளிருக்கும் 32 ஒலிகளையும் ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியின் தயவில்தான் வைத்திருக்கிறது. ஃபங்ஷன் முறையில் 14-ஆம் பொத்தானை அழுத்தினால் அதன் வோல்ட் திரையில் தெரியும். புதிதென்றால் 3-ஐ ஒட்டி இருக்கும்.

பேட்டரியைக் கழற்றியதும் ஒலிகள் அழியும். அதனால் முதலில் ஃபங்ஷன் 8-இல் 'சிஸ் இன்ஃபோ'வை (ஒலித் தரவை அனுப்ப, பெற அனுமதிக்கும் அமைப்பு) 'அவெய்ல்' ஆக்கி, 32-ஐயும் மிடி (இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் முறை) வழியே கணினிக்கு அனுப்பினேன். கோப்பு சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள்; மலிவான யுஎஸ்பி மிடி கேபிள்கள் நீண்ட சிசெக்ஸ் செய்தியை (ஒலித் தரவைச் சுமக்கும் மிடி செய்தி) பாதியில் வெட்டிவிடும்.

மின்செருகியைப் பிடுங்கிவிட்டுத் திறக்கவும். பேட்டரி தகட்டுக்கால்களோடு போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். + பக்கத்தைக் குறித்துவிட்டு, சால்டரை உறிஞ்சி எடுத்து, அங்கே சிஆர்2032 ஹோல்டர் வைத்தேன். வெறும் பேட்டரி மேல் சால்டரிங் அயர்னை வைக்கவே கூடாது, சூட்டில் வெடிக்கலாம். ஹோல்டரின் கால்கள் துளைகளோடு பொருந்தாவிட்டால் இரண்டு குட்டி ஒயர் போதும்.

மின்சாரத்தை மறுபடி போட்டதும் ஒலிப்பெயர்கள் கன்னாபின்னாவென்று தெரியும், பயம் வேண்டாம். 'மெமரி ப்ரொடெக்ட் இன்டர்னல்' (உள் நினைவகப் பூட்டு) அழுத்தி 'நோ' கொடுத்து, 'சிஸ் இன்ஃபோ'வை மறுபடி 'அவெய்ல்' ஆக்கிவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பவும். பூட்டு விழுந்திருந்தால் எதுவும் ஏறாது.