பெங்களூரில் ஒரு நாள் ஓய்வா? கார் சாவியைத் தொடாதீர்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் உறவினர்களின் கார் ஏதாவது ஒன்று நிற்கும். ஹம்பிக்கோ கோவாவுக்கோ போகிறவர்கள் நடுவில் ஒரு நாள் எங்களோடு தங்கிப் போவது வழக்கம். "ஒரு நாள் ரெஸ்ட் எடுத்துட்டுக் கிளம்புறோம்" என்றுதான் வருவார்கள். ஆனால் அந்த ஒரு நாளில் வண்டி ஓட்டி வந்தவர் ஓய்வெடுத்து நான் பார்த்தது மிகக் குறைவு.

இரண்டு வருடத்துக்கு முன் என் அத்தான் திருநெல்வேலியிலிருந்து 600 கிலோமீட்டருக்குப் பக்கம் தனி ஆளாக ஓட்டி வந்தார். மறுநாள் காலையில் லால்பாக், மதியம் அரண்மனை, சாயங்காலம் கமர்ஷியல் ஸ்ட்ரீட். எல்லாமே காரில்தான். இரவு இந்திரா நகர் பக்கம் ஓர் உணவகம். சனிக்கிழமை, எட்டுப் பேர், முன்பதிவு கிடையாது. உட்கார இடம் கிடைத்தபோது மணி ஒன்பதே முக்கால். வீடு வந்து படுக்கப் பன்னிரண்டரை ஆனது. காலை நாலரைக்கு ஹம்பிக்குக் கிளம்பிவிட்டார்கள். சிராவைத் தாண்டி ஹிரியூர் போகிற வழியில் அத்தானுக்குக் கண் செருகியது. பக்கத்தில் இருந்த அக்கா தோளைப் பிடித்து உலுக்கியதால் வண்டி தடுப்பில் மோதவில்லை. அப்புறம் ஒரு தாபாவில் நிறுத்தி இரண்டு மணி நேரம் தூங்கினார்.

அன்று நானும் சேர்ந்துதான் ஊர் சுற்ற அழைத்துப் போனேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் தவறு, ஓய்வு நாளை ஊர் சுற்றும் நாளாக மாற்றுவது. நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் பத்து நிமிடத்தில் போய்விடும். இங்கே சாயங்கால நெரிசலில் அதே பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த நேரம் முழுக்க கிளட்ச்சும் பிரேக்கும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய நாள் முழுக்க ஓட்டிய காலுக்கு இது ஓய்வே இல்லை. பஸ், லாரி ஓட்டுநர்களுக்கு 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தால் இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்றது. வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த வரம்பு. ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நம் அத்தான்களுக்கு அதைவிடக் கூடுதல் ஓய்வு வேண்டாமா?

ஊரைப் பார்க்கவே கூடாது என்பதில்லை. காரை நிறுத்திவிட்டு மெட்ரோவில் போங்கள். ஊதா வழித்தடத்தில் அல்சூர் நிலையம் இருக்கிறது. மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் லால்பாக்கிலும் நேஷனல் காலேஜிலும் இறங்கலாம். ஓசூர் பக்கமிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் அறை எடுப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் மஞ்சள் வழித்தடமும் ஓடுகிறது, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறிக்கொள்ளலாம். ஓட்டியவர் மட்டும் வீட்டில் தூங்கட்டும், மற்றவர்கள் போய் வரட்டும். அவரை விட்டுவிட்டுப் போக வீட்டில் யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த மூன்று மணி நேரத் தூக்கம்தான் அவருக்கு நாம் செய்கிற உபகாரம்.

இரவுச் சாப்பாட்டுக்கு வருவோம். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். பெயர் பெற்ற கடை என்று கேள்விப்பட்டுக் கிழமை பார்க்காமல் கிளம்பிவிடுவார்கள். 1943இலிருந்து நடக்கும் காந்தி பஜார் வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. லால்பாக் ரோட்டில் இருக்கும் எம்.டி.ஆருக்குத் திங்கள். சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறு. மிலிட்டரி ஹோட்டல் என்கிற பழைய அசைவக் கடைகளில் மதியம்தான் களை கட்டும், இரவுக்கு நம்பிப் போக முடியாது. தொன்னை பிரியாணியும் ராகி முத்தையும் (கேழ்வரகுக் களி உருண்டை) வேண்டுமென்றால் மதியமே முடித்துவிடுங்கள். முத்தையை மெல்லாமல் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். இரவில் வி.வி.புரத்தில் 'திண்டி பீதி' என்கிற தின்பண்டத் தெருவில் ஆளுக்கு ஒன்றாக வாங்கிப் பகிர்ந்து சாப்பிடலாம், நேஷனல் காலேஜ் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். ஆனால் எண்ணெயில் பொரித்ததாகவே எல்லாவற்றையும் வாங்கினால் இரவு முழுக்க நெஞ்செரிச்சல்தான். ஓட்டுகிறவருக்கு இட்லியோ தயிர் சாதமோ போதும். சாம்பார் இனிக்கும், வெல்லம் சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். கெட்டுப்போயிற்று என்று சர்வரிடம் கோபிக்க வேண்டாம்.

உட்கார்ந்து சாப்பிடும் பெரிய உணவகம்தான் வேண்டுமா? சரி, தங்குமிடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், மாலை ஏழு மணிக்கு முன்பதிவு செய்யுங்கள். ஒன்பதுக்குள் படுக்கைக்கு வந்துவிடலாம். பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை.

மது விஷயத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். "நாளைக்குத்தானே ஓட்டப் போறோம்" என்று இரவு பதினொன்று வரை குடித்துவிட்டு விடிகாலை நாலுக்கு ஸ்டியரிங் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு மதுவை மெதுவாகத்தான் கரைக்கும். காபியும் குளியலும் அதை விரைவுபடுத்தாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். மறுநாள் ஓட்டுகிறவர் அன்றிரவு தொடவே வேண்டாம்.

போன வருடம் அத்தான் மறுபடி வந்தார். வந்ததும் சாவியை வாங்கி அக்கா அரிசி டிரம்முக்கு மேலே வைத்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் திருவள்ளுவர் சிலை வரை நடந்துவிட்டு வந்தோம், அவர் தூங்கினார். இரவு ஏழரைக்குத் தெருமுனைக் கடையில் இட்லி. காலை ஐந்தரைக்கு, நாள் முழுக்க ஓடாமல் சூடு தணிந்திருந்த டயர்களுக்குப் பக்கத்து பங்கில் காற்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். ஹம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோஸ்பேட்டை சேர்ந்ததும் அக்கா போன் செய்தாள். வழியில் ஒரு தடவைகூட அவர் கொட்டாவி விடவில்லையாம்.