விறகு அடுப்புக் கதவில் கசிவா? முதலில் கீலைப் பாருங்கள்

கண்ணாடிக் கதவு வைத்து முழுதாக மூடிய இரும்பு விறகு அடுப்பில் தீயை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். நாம் திறந்துவிடும் வழியாக மட்டுமே அது உள்ளே போக வேண்டும். கதவோரத்தில் ஒரு நூல் இடைவெளி விழுந்தாலும் கணக்கு கெட்டுவிடும். காற்றுத் திறப்பை எவ்வளவு மூடினாலும் தீ அடங்காது, போட்ட விறகு மளமளவென்று தீரும், கண்ணாடியில் ஒரு மூலையில் மட்டும் கரி பிடிக்கும், விடியும்வரை இருக்க வேண்டிய தணல் நடுராத்திரியிலேயே சாம்பலாகிவிடும்.

இப்படி ஆனதும் பலரும் செய்வது, கதவைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் கயிற்றைப் பிய்த்துவிட்டுப் புதுசு ஒட்டுவது. சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும். மற்றவர்களுக்குப் புதுக் கயிறும் சீக்கிரமே நசுங்கிப் போகும். ஏனென்றால் கோளாறு கயிற்றில் இல்லை. கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும், அல்லது தாழ்ப்பாள் கதவை உள்ளே இழுக்காமல் சும்மா மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் இந்த வரிசையில் போங்கள்: கீல், தாழ்ப்பாள், அப்புறம்தான் கயிறு.

தொடங்கும் முன்

அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். தீ அணைந்து ஒரு நாளாவது போகட்டும். மேலே சாம்பல் வெளுத்துக் கிடந்தாலும் அடியில் தணல் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சாம்பல் கரண்டியால் அடிவரை கிளறிப் பாருங்கள். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது.

ஸ்பேனர், ஸ்குரூடிரைவர், கம்பி பிரஷ், சாக்பீஸ், தடித்த கையுறை, முகக்கவசம், ஒரு பழைய போர்வை இருந்தால் போதும். கதவைக் கழற்ற வேண்டியிருந்தால் துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்புக் கதவு பார்வைக்குத் தெரிவதைவிடக் கனமாக இருக்கும்.

காகிதச் சோதனை

சாதாரண எழுதுதாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். அதைக் கதவுக்கும் அடுப்பின் உடலுக்கும் நடுவே வைத்துக் கதவை மூடித் தாழிடுங்கள். இப்போது மெதுவாக இழுங்கள். தாள் பிடித்து நிற்க வேண்டும், அல்லது கிழிந்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கசிவு. நான்கு பக்கமும் சுமார் 10 செ.மீ. இடைவெளியில் இதைச் செய்து, வழுக்கிய இடங்களில் சாக்பீஸால் குறி போடுங்கள்.

குறிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீல் இருக்கும் பக்கம் தளர்வு என்றால் கீல் ஊசியோ அதன் துளையோ தேய்ந்திருக்கிறது. தாழ்ப்பாள் பக்கம் மேலிருந்து கீழ்வரை தளர்வு என்றால் தாழ்ப்பாளின் பிடி போதவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தளர்வு என்றால் கயிறு அந்த இடங்களில் அமுங்கிவிட்டது. ஒரு மூலையும் அதற்கு எதிர்மூலையும் மட்டும் தளர்ந்திருந்தால் கதவே முறுக்கிக்கொண்டிருக்கலாம். கழற்றிய கதவின் மேல் நேரான இரும்பு அளவுகோலை வைத்தால் தெரிந்துவிடும். முறுக்கிய கதவையும் விரிசல் விட்ட கதவையும் சுத்தியலால் நேராக்கப் பார்க்காதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அந்த மாடலுக்கான புதுக் கதவுதான் வழி.

சந்தேகமாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. கயிறு வந்து உட்காரும் உடலின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை ஒருமுறை மூடித் திறங்கள். கயிற்றில் வெள்ளைக் கோடு அறுபடாமல் சுற்றி வந்திருக்க வேண்டும்.

கீல்

கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தை அடியிலிருந்து தூக்கி இறக்குங்கள். நன்றாக ஏறி இறங்கினால் தேய்மானம். தாழ்ப்பாளின் நாக்கிலும் பாருங்கள்: ஓரிடத்தில் மட்டும் இரும்பு பளபளவென்று உரசியிருந்தால், கதவு தொங்கி அங்கே இடிக்கிறது.

பெரும்பாலான கதவுகள் ஊசியின் மேல் உட்கார்ந்திருக்கும், திறந்து மேலே தூக்கினால் வந்துவிடும். போர்வையின் மேல் படுக்க வையுங்கள். ஊசியை உருவிப் பாருங்கள். நடுவில் இடுப்பு போல ஒடுங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதே விட்டத்தில் சாதா எஃகு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசி போடுங்கள். துத்தநாகம் (ஜிங்க்) பூசிய போல்ட்டை வெட்டிப் போடுவது சுலபமாகத் தோன்றும், ஆனால் அந்தப் பூச்சு சூட்டில் கெட்டு நச்சுப் புகை விடக்கூடியது. கதவு கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது என்றால் கீலுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் போட்டாலே ஏறிவிடும்.

அதற்காக ஆட்டமே இல்லாமல் முடுக்கிவிடாதீர்கள். ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். 40 செ.மீ. கதவு 250 டிகிரி ஏறினால் அதற்கும் கிட்டத்தட்ட அதே 1 மி.மீ. தேவை. ஆறிய அடுப்பில் சிக்கென்று பொருந்திய கதவு, எரியும்போது இறுகிக்கொண்டு திறக்க மறுப்பது இதனால்தான்.

கீல் கிறீச்சிட்டால் கிராஃபைட் பொடி போடுங்கள். சமையலெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கருகிப் பிசினாகிவிடும். துரு பிடித்த ஸ்குருவை இளக்க ஸ்ப்ரே எண்ணெய் உதவும், ஆனால் அதில் பெரும்பாலானவை தீப்பற்றக்கூடியவை. ஆறிய அடுப்பில் மட்டும் அடித்து, வேலை முடிந்ததும் ஒட்டத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே தீ மூட்டுங்கள்.

தாழ்ப்பாளும் கைப்பிடியும்

கைப்பிடியைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் நாக்கு, உடலில் உள்ள கொக்கியின் சரிவில் ஏறிக் கதவை உள்பக்கமாக இழுக்கும். அந்தச் சரிவு தேய்ந்தால் இழுப்பு குறையும். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிக் கைப்பிடி தொங்கினால் அதுதான் அறிகுறி. பல அடுப்புகளில் கொக்கியை இரண்டு நட்டுகளோ சில வாஷர்களோ பிடித்திருக்கும். நட்டைத் தளர்த்திக் கொக்கியை ஒரு துளி உள்ளே நகர்த்துங்கள், அல்லது ஒரு வாஷரை எடுங்கள். மறுபடி காகிதம் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். இறுக்கம் அதிகமானால் கயிறு நசுங்கும், கொக்கியின் காதும் உடையும்.

கைப்பிடி சுழன்றுகொண்டே இருந்தால் உள்ளே நட்டு கழன்றிருக்கும். சின்ன வேலைதான், தள்ளிப் போடாதீர்கள். தீ எரியும்போது கைப்பிடி கையோடு வந்துவிட்டால் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

கயிறு மாற்றுவது

1980-களுக்கு முந்தைய அடுப்பாக இருந்து கயிறும் பழையதாக இருந்தால், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பரிசோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை கைவைக்க வேண்டாம். இப்போது கிடைப்பவை கண்ணாடி இழைக் கயிறுகள். அவற்றின் தூசியும் அரிக்கும் என்பதால் முகக்கவசமும் கையுறையும் வேண்டும்.

எந்தத் தடிமன் வாங்குவது? 6 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை பல அளவுகள் புழக்கத்தில் உண்டு. பழைய கயிற்றை அளந்து வாங்காதீர்கள், அது அமுங்கிச் சிறுத்திருக்கும். அடுப்பின் கையேட்டில் சொன்ன அளவை வாங்குங்கள். "தடியாக இருந்தால் நன்றாக அடைக்கும்" என்பது தப்புக் கணக்கு. கதவு மூடாமல் முரண்டு பிடிக்கும், கீல் வளையும்.

1. பழைய கயிறு இருக்கும் விதத்தைப் போட்டோ எடுத்துவிட்டுப் பிய்த்தெடுங்கள். பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையைக் கம்பி பிரஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். இங்கே அவசரப்பட்டால் புதுக் கயிறு பழைய பசையின் மேல்தான் ஒட்டும், சீக்கிரம் உரியும்.

2. பசை இல்லாமல் ஒருமுறை கயிற்றைப் பள்ளத்தில் சுற்றி வைத்துப் பாருங்கள். இழுக்காதீர்கள். இழுத்தால் கயிறு மெலிந்துபோகும், மெலிந்த இடம் கசியும். மூலைகளில் விரலால் லேசாக உள்ளே தள்ளுங்கள்.

3. வெட்டும் இடத்தில் டேப்பை ஒரு சுற்று சுற்றி, டேப்பின் நடுவில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் நுனி பிரிந்து பூவாய் விரிந்துவிடும்.

4. அடுப்புக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் பசையைப் பள்ளத்தில் மெல்லிய கோடாக இடுங்கள். அதிகம் போனால் கயிறு பசையைக் குடித்துக் கட்டையாகிவிடும், அப்புறம் அமுங்காது. சாதா சிலிக்கான் பசை இங்கே உதவாது.

5. மூலையில் தொடங்காமல் நேரான பகுதியில் தொடங்கிக் கயிற்றைப் பதியுங்கள். இரு நுனிகளும் முட்டி நிற்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது.

6. விளிம்பில் மெழுகுத்தாள் வைத்துக் கதவை மூடி, பசை டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள். பொதுவாக ஒரு நாள். பிறகு மெழுகுத்தாளை மறக்காமல் எடுத்துவிட்டு முதலில் சின்னதாகத் தீ மூட்டுங்கள். லேசாகப் புகைநாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சில தடவை எரித்த பிறகு கயிறு கொஞ்சம் படியும். அப்போது தாழ்ப்பாளை ஒரு அரைத் திருப்பு சரிசெய்ய வேண்டிவரலாம்.

கண்ணாடி பற்றி இரண்டு வார்த்தை. அது ஜன்னல் கண்ணாடியும் அல்ல, டெம்பர்டு கண்ணாடியும் அல்ல. சூட்டில் கிட்டத்தட்ட விரியாத செராமிக் கண்ணாடி. உடைந்தால் அதையேதான் போட வேண்டும். அது உடைவது பெரும்பாலும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப் ஸ்குருவை அளவுக்கு மீறி முடுக்குவதாலும், நீளமான விறகை வைத்துக் கதவால் நெருக்கித் தள்ளுவதாலும்தான்.

தீ எரியும்போது

கதவைப் படக்கென்று திறக்காதீர்கள். முதலில் காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்துவிட்டுச் சிறிது பொறுங்கள். பிறகு கதவை ஒரு விரல் அளவு மட்டும் விலக்கி, தீ நிதானத்துக்கு வரும்வரை நில்லுங்கள். அப்புறம் மெல்ல முழுதாகத் திறங்கள். உள்ளே எரியாத புகை தேங்கியிருக்கும்போது சட்டென்று காற்று பாய்ந்தால் சுவாலை வெளியே சீறும். கதவுக்கு நேரே குனியாமல் பக்கவாட்டில் இருங்கள். முழங்கை வரை வரும் தோல் கையுறை, பருத்தி அல்லது கம்பளி உடை. நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

எரியும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனால்? கையுறையோடு இரும்புக் கோலால் கதவைத் தள்ளி மூடப் பாருங்கள். மரக்கட்டையை முட்டுக்கொடுக்காதீர்கள். எல்லாக் காற்றுத் திறப்புகளையும் மூடுங்கள், புது விறகு போடாதீர்கள். கதவு மூடவே இல்லை என்றால் உலர்ந்த சாம்பலையோ மணலையோ நீளக் கரண்டியால் தீயின் மேல் தூவி அடக்குங்கள். கண்ணாடி உடைந்தாலும் இதேதான். ஜன்னலைத் திறந்து வைத்து, தீ அணையும்வரை ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிநீராவி சாம்பலையும் தணலையும் வாரி இறைக்கும், சூடான இரும்பு விரிசல் விடும்.

இரும்பு மங்கலாகச் சிவந்தால் அடுப்பு எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே காற்றை மூடுங்கள். புகைக்குழாயில் ரயில் போவது போல இரைச்சல் கேட்டாலோ குழாய் அதிர்ந்தாலோ உள்ளே படிந்த தார் தீப்பிடித்திருக்கிறது. கதவையும் காற்றையும் மூடிவிட்டு எல்லோரும் வெளியேறித் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். குழாயை ஆள் வைத்துச் சோதிக்கும்வரை மறுபடி மூட்டக் கூடாது.

கதவு கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அறிவிப்புக் கருவி ஒன்று மாட்டுங்கள். அடுப்பு எரியும்போது வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து தலைவலியோ மயக்கமோ வந்தால் ஜலதோஷம் என்று நினைக்காமல் வெளிக்காற்றுக்குப் போய்விடுங்கள்.

எரியக்கூடிய எதுவும் அடுப்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தடுப்பு வலை கட்டாயம். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே, மரத்தரை இல்லாத இடத்தில் வையுங்கள்.

கை சுட்டுவிட்டால் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் நீளமாகத் தெரியும், பாதியில் எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். பனிக்கட்டி, எண்ணெய், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடுங்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகத்திலோ விரல் மூட்டுகளிலோ பட்டிருந்தாலும், தோல் வெளுத்தோ கருகியோ போயிருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.