குழிப்பொறி வைக்கிறீர்களா? முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள்

தரையில் ஊரும் வண்டுகளையும் எறும்புகளையும் கணக்கெடுக்கக் குழிப்பொறியைப் போல மலிவும் எளிமையுமான வழி வேறில்லை. மண்ணில் ஒரு கோப்பையைப் புதைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதன் விளிம்பு தரைக்குமேல் சற்றே துருத்தி நின்றாலும் சிறு எறும்புகள் சுற்றிக்கொண்டு போய்விடும். மண்ணை விளிம்புவரை அணைத்து, விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் தட்டக் கூடாது.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோப்பைகள் வையுங்கள். உள்கோப்பையை மட்டும் எடுத்துக் காலி செய்யலாம், குழி சரியாது. வெளிக்கோப்பையின் அடியில் துளையிட்டால் நீர் வடியும்.

புதைத்த கையோடு பொறியைத் திறக்காதீர்கள். மண்ணைக் கிளறியதாலேயே முதல் சில நாட்களில் பூச்சிகள் கூடுதலாக விழும். ஒரு வாரமாவது மூடி வைத்துவிட்டுத் திறந்தால் எண்ணிக்கையை நம்பலாம்.

விழும் பூச்சிகள் கெடாமல் இருக்க உள்கோப்பையில் ஒரு திரவம் ஊற்றுவோம். அதற்கு எத்திலீன் கிளைக்காலை ஊற்றவே ஊற்றாதீர்கள். அது இனிக்கும், நாயோ கீரியோ குடித்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கும்போது அந்தப் பாவம் எதற்கு? அதில் வாசனையற்ற சோப்புத் திரவம் சில சொட்டு விட்டால் பூச்சிகள் மிதக்காமல் மூழ்கும். மேலே 2-3 செ.மீ. உயரத்தில் ஒரு தட்டைக் கூரையாக நிறுத்துங்கள். தவளைகள் உள்ள இடமென்றால் வாயில் கம்பிவலையும் தேவை.

அதிகம் நடமாடும் இனமே பொறியில் அதிகம் விழும். அதை அங்கே அதிகம் வாழும் இனம் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டாம். மாதிரிகளை 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றும்போது, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும்.