எஸ்.எல்.வி-3: கழற்றிக் காட்டக்கூடிய மாதிரி செய்வது எப்படி

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு ரொக்கெட் செய்யப்போகிறோம் என்று வரும் பிள்ளைகளிடம் எஸ்.எல்.வி-3ஐ எடுங்கள் என்றுதான் சொல்வேன். இந்தியா தானே கட்டி, செய்மதியைச் சுற்றுப்பாதையில் விட்ட முதல் ரொக்கெட் அது. 22 மீற்றர் உயரம், 17 தொன் எடை, நான்கு கட்டங்கள், நான்கிலும் திண்ம எரிபொருள். ஆனால் ஒரே துண்டாக ஒட்டி நிறுத்திவிடாதீர்கள். கட்டம் கட்டமாகக் கழற்றினால்தான் அப்துல் கலாமின் குழு எதற்கெல்லாம் பாடுபட்டது என்று விளங்கும்.

25இல் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். முதல் கட்டத்தின் விட்டம் 1 மீற்றர், இரண்டாவதன் விட்டம் 0.8 மீற்றர். வகுத்தால் 40 மி.மீ., 32 மி.மீ. நம் ஹாட்வெயார் கடைகளில் விற்கும் பி.வி.சி. குழாய்களின் வெளிவிட்டமும் இதேதான்! அரை மீற்றர் துண்டு ஒவ்வொன்று போதும். பிரிஸ்டல் போட் மட்டையும் பைண்டர் கம்மும் கொழும்பு புறக்கோட்டையில் மலிவு.

குழாயில் மட்டையை இறுக்கிச் சுற்றி, ஓரத்தை ஒட்டி, காய்ந்ததும் உருவி எடுங்கள். முதல் கட்டம் 40 செ.மீ., இரண்டாவது 25.6, மூன்றாவது 9.2. மூன்றாவதையும் 32 மி.மீ. குழாயிலேயே சுற்றலாம். வெள்ளவத்தைபோலக் கடலோரமாக வீடு என்றால் மட்டை ஈரக்காற்றில் நெளியும். ஒட்டிய அன்றே உள்ளும் புறமும் பெயின்ட் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள். நான்காவது 6 செ.மீ.தான், அது மூக்குக் கவசத்துக்குள் மறைந்திருக்கும். கட்டங்களுக்கு இடையே 2 செ.மீ. உள்வளையம் வைத்து, கீழ்ப்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். மேல்பக்கம் சொருகினால் போதும்.

சரி, இனித்தான் முக்கியமான வேலை. திண்ம எரிபொருளைப் பற்றவைத்தால் இடையில் நிறுத்த முடியாது. அப்படியானால் ரொக்கெட்டை எப்படித் திருப்புவது? ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வழி வைத்தார்கள். முதல் கட்டத்தில் எரிந்த வாயு வெளியேறும் குழலுக்குள் பக்கவாட்டில் திரவம் பீச்சினார்கள். நான்கு செட்டைகளின் நுனிகளும் அசையும். ஆகவே நுனிகளைத் தனியாக வெட்டி, குண்டூசியில் சுழலவிடுங்கள். இரண்டாவதில் இரு திரவங்கள் கலந்து எரியும் சிறு உந்திகள், மூன்றாவதில் ஹைட்ரசீன் என்ற ஒரே திரவம் மட்டும். இவற்றுக்குச் சிறு துளைகளிட்டுச் சிவப்பு வட்டம் வரையுங்கள். நான்காவது, சுழன்றுகொண்டே நேராகப் போகும். அதை ஈர்க்குக் குச்சியில் கோத்தால் விரலால் சுழற்றிக் காட்டலாம்.

இரண்டாம் கட்டத்தின் சிவப்பு வட்டங்களை மட்டும் பெரிதாக வரையுங்கள். 1979 ஓகஸ்ட் 10இல் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த முதல் ஏவுதலில், அந்த உந்திகளுக்கான நைத்திரிக் அமிலம் வால்வு வழியாகக் கசிந்து வெளியேறியது. கட்டுப்பாடு இழந்த ரொக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் அடுத்தது 35 கிலோ ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் விட்டது. பெயர்ப்பலகையில் இரண்டு திகதியும் இருக்கட்டும். தோல்வியை மறைத்தால் இந்த வடிவமைப்பின் கதை பாதிதான்.

எதற்கு நான்கு கட்டம் என்று நடுவர் கேட்டால் முதல் கட்டத்தைக் கழற்றிக் கையில் கொடுங்கள். மொத்த எடையில் ஏறத்தாழப் பாதி அதற்குள் இருந்த எரிபொருள்தான். எரிந்து முடிந்த வெற்றுக்கூட்டை மேலே சுமந்து போவதில் பயனில்லை என்று சொல்லுங்கள்.