அறுக்கும் முன் நில்லுங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சீரமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருப்பிடித்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வீட்டில் நிறுத்தியவர்கள் எனக்குப் படங்கள் அனுப்புவார்கள். முதல் படத்தில் கார் முழுதாக இருக்கும். சில நாட்களில் வரும் அடுத்த படத்தில் கதவுகளும் இருக்கைகளும் எஞ்சினும் சுவரோரம் கிடக்கும். ஓட்டை விழுந்த தகரக்கூடு மட்டும் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும். வேலை மளமளவென்று நடக்கிறது என்று பெருமையாக ஒரு வரியும் எழுதியிருப்பார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள், அதே வரிசையில்! கண்ணாடி அணியுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். சிரத்தையோடு வேலை செய்பவர்களே காரைக் கெடுத்துவிடும் இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

## கதவுகளைக் கழற்றிவிட்டு அடிப்பெட்டியை அறுப்பது

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தின் பின்புறத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் தகரப்பெட்டியைத்தான் அடிப்பெட்டி என்கிறேன். சில் பேனல் என்று உதிரிபாகப் பட்டியல்களில் இருக்கும். துரு முதலில் தின்பது பெரும்பாலும் இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரத் தகரம்போல் தெரிவதால், புதியவர்கள் கிரைண்டரை எடுத்தவுடன் கைவைப்பதும் இதில்தான்.

கூரையுள்ள காரில் பாரத்தைக் கூரையும் தூண்களும் பகிர்ந்துகொள்ளும். தனிச் சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம், இல்லாத திறந்த காரில் அந்த உதவி கிடையாது. மூடியை எடுத்துவிட்ட அட்டைப்பெட்டியை இரு கைகளாலும் திருகிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். முன்பாதியும் பின்பாதியும் மடங்காமல் நிற்பது காரின் தரைத்தகரத்தின் நடுவே நீளவாக்கில் ஓடும் சுரங்கம்போன்ற மேட்டாலும் இரண்டு அடிப்பெட்டிகளாலும்தான். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நல்ல உதாரணம். அதன் அடிப்பெட்டியில் வெளித்தகரம், நடுவே நிற்கும் தடுப்புத் தகரம், உள்தகரம், அடியில் காசில் ரெயில் எனப்படும் பட்டை என்று பல அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்துதான் வலு. முன் மட்கார்டைக் கழற்றாமல் வெளித்தகரத்தை ஒழுங்காக மாற்றவும் முடியாது, ஏனெனில் அது மட்கார்டுக்கு உள்ளேயும் நீண்டு செல்கிறது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அப்படிப்பட்ட திறந்த காரைக் கையில் எடுத்தார். வெல்டிங்கில் நல்ல கை. அவர் போட்ட தையல்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். கதவுகளைக் கழற்றினார். முன்னும் பின்னும் ஸ்டாண்டு வைத்தார். இரண்டு பக்க அடிப்பெட்டிகளையும் ஒரே மூச்சில் அறுத்தெடுத்தார். புதிய தகரங்களைப் பொருத்தி, முழுதாகப் பற்றவைத்து, பிரைமரும் அடித்துவிட்டார். அதன்பிறகு கதவை மாட்டப் போனால் கதவு மூடவில்லை. பூட்டுப் பக்கத்தில் மேல்முனை இடித்தது, கீழ்முனையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

நடந்தது இதுதான். தாங்குவதற்கு எதுவும் இல்லாதபோது காரின் நடுப்பகுதி தன் எடையிலேயே தொய்ந்தது. கீல் தூணும் பூட்டுத் தூணும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. அந்தச் சாய்வை அவருடைய அருமையான வெல்டிங் அப்படியே உறுதிப்படுத்திவிட்டது. அவர் முதலில் கீலைக் குறை சொன்னார். பிறகு கதவின் ஓரத்தைத் தேய்த்தார். கடைசியில் கீழ் இடைவெளியைப் பட்டி வைத்து மறைத்தார். இவை ஒவ்வொன்றும் தவறை இன்னும் ஆழமாகப் புதைத்தன. புதிதாகப் போட்ட தகரம் முழுவதையும் மறுபடி அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. தேய்த்த கதவுகளும் வீண். கை சுத்தமாக இருந்தும் வரிசை தவறியதால் இத்தனை இழப்பு என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். இதே படத்தை ஒவ்வொரு ஆண்டும் வேறு யாராவது அனுப்புகிறார்கள்.

செய்யவேண்டியது கடினமே இல்லை. அறுப்பதற்கு முன், கதவுகள் மாட்டியிருக்கும்போதே, கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கதவு ஏற்கெனவே உரசுகிறது என்றால் கார் முன்னமே தொய்ந்திருக்கிறது. அதை நிமிர்த்திய பிறகுதான் மற்ற வேலை. அடுத்து, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குச் சதுரக் குழாயால் குறுக்குச் சட்டம் போடுங்கள். இரு பக்கங்களையும் இணைத்து மூலைவிட்டமாக இன்னொன்று. சட்டத்தைக் கதவு மூடுவதற்குத் தடையில்லாமல் உட்பக்கமாக அமையுங்கள், ஏனென்றால் வேலை முடியும்வரை கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். காரின் எடை சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களில் இறங்கும்படி, சமதரையில், ஸ்டாண்டுகளை வையுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். புதிய தகரத்தைப் புள்ளி புள்ளியாக மட்டும் பிடித்துவைத்து, கதவை மூடி, எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டு, சரியென்றால்தான் முழு வெல்டிங்.

எஞ்சினை இறக்கிவிட்டுச் செய்வதா, இருக்கும்போதே செய்வதா என்று இரண்டு கட்சிகள் உண்டு. சட்டமும் அளவும் இருந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது.

தனிச் சேஸிஸ் உள்ள காருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரைக் காட்டுவேன். அதற்குத் தனிச் சேஸிஸ் இருக்கிறது, ஆனால் வெளிப்பக்க நீளச் சட்டங்கள் அதில் இல்லை. அங்கும் பக்கவாட்டு வலு அடிப்பெட்டியில்தான்.

## பழைய துருவின் மேல் புதிய தகரம்

இது ஏமாற்று வேலை. அவ்வளவுதான்.

## பட்டியை நம்புவது

பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் தகரத்தின் மேல் மெலிதாக, பள்ளம் நிரவுவதற்குப் பூசினால் நல்ல பொருள். துருவின் மேல், ஓட்டையின் மேல், வலைக்கம்பியின் மேல் பூசினால் அடியில் துரு நிம்மதியாக வளரும். பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். கார் வாங்கப் போகும்போது துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். அது ஒட்ட மறுக்கும் இடத்தில் விற்பவரின் முகத்தையும் பாருங்கள்.

## துருவை மாற்றும் திரவம்

பாஸ்பாரிக் அமிலம் மேல்துருவை மாற்றும். இல்லாத தகரத்தை உண்டாக்காது.

## பெரிய தகரத்தில் மணல் வீசுவது

பானெட், கதவுத்தோல் போன்ற அகலமான மெல்லிய தகரத்தில், பெயின்ட்டையும் துருவையும் நீக்குவதற்காகக் காற்றழுத்தத்தால் மணலை வேகமாக அடித்தால் மேற்பரப்பு விரிந்து தகரம் அலைபாயும். பிறகு தட்டி நிமிர்த்துவது பெரும்பாடு. சஸ்பென்ஷன் கைகள், கனமான சட்டங்கள் இவற்றுக்கு மணல் பொருந்தும். அகலத் தகரத்துக்குப் பெயின்ட் கரைக்கும் திரவமும் பொறுமையும் போதும்.

## மின்பகுப்புத் தொட்டியில் எவர்சில்வர்

சலவைச் சோடா கரைத்த நீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு நீக்குவது சிறு பாகங்களுக்கு அருமையான முறை. நேர்மின்வாயாக வைக்கும் இரும்பு துருப்பிடிக்கிறதே என்று, அதற்குப் பதிலாக எவர்சில்வர் தட்டைத் தொங்கவிடுகிறார்கள். அதிலிருந்து நச்சுள்ள குரோமியம் நீரில் கலக்கும். சாதாரண இரும்பே போடுங்கள். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள். சுருள்வில்லையும் உயர்வலு போல்ட்டுகளையும் இதில் முக்காதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் அவை நொறுங்கக்கூடும்.

## பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங்

குளோரின் சேர்ந்த வகை என்றால், வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. அசிட்டோனால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, புட்டியைத் தூரத்தில் வைத்துவிட்டு வெல்டிங்கைத் தொடங்குங்கள்.

## டாட் 5, டாட் 5.1

இவை பிரேக் திரவத்தின் வகைகள். எண்ணைப் பார்த்து ஒரே குடும்பம் என்று நினைக்காதீர்கள். டாட் 5 சிலிகான். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. சிலிகானை மற்றவற்றோடு கலக்கக்கூடாது.

## படம் எடுக்காமல் கழற்றுவது

எடுங்கள்.

## வடிகால் துளையை அடைத்துவிடுவது

வெல்டிங்கும் பெயின்ட்டும் முடிந்த பிறகு துருப்பிடிக்காமலிருக்க அடிப்பெட்டிக்குள் மெழுகு பாய்ச்சவேண்டும். முன்னதாகப் பாய்ச்சினால் வெல்டிங் சூட்டில் எரிந்துபோகும், தீயும் பிடிக்கலாம். நீளமான குழாய்முனையை உள்ளே கடைசிவரை விட்டு, இழுத்துக்கொண்டே அடியுங்கள். கதவின் அடியிலும் அடிப்பெட்டியின் அடியிலும் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். காரின் அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பவர்கள் இவற்றையும் சேர்த்து மெழுகிவிடுகிறார்கள். உள்ளே போன மழைநீர் அங்கேயே தங்கி, புதிய தகரத்தை உள்ளிருந்து தின்கிறது. பூச்சும் மெழுகும் இறுகிய மறுநாள் ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிடுங்கள். பிறகு கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது கீழே வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.