அப்பா கையில் கொடுத்த அட்டை
உப்புவெளி வீட்டுக்கு நாய்க்குட்டியைக் கொண்டுவந்த அன்றே அப்பா முகம் கறுத்தார். "விசர்நாய்க்கடி வந்தால் பிழைக்கேலாது, தெரியுமா?" அவர் பயம் நியாயமானது. நான் வாதாடவில்லை. மிருக வைத்தியரிடம் தடுப்பூசி போட்டு, அடுத்த வருடத் திகதி எழுதிய அட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். வங்கிப் புத்தகத்தோடு பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அப்புறம் உண்ணி. தினமும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடி, சிறிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஒரு பின்னேரம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். "தலையை உள்ளே விட்டிட்டு உடம்பைப் பிய்க்கிறாய். இஞ்சை தா." குட்டி அவர் மடியிலேயே நித்திரையாகிவிட்டது.

இப்போது சாளை மீன் அவித்து, முள் எடுத்து வைப்பதும் அவர்தான்.