கபடி வீரர்களுக்கு மசாஜ்: கை வைக்கக் கூடாத நேரங்கள்

கபடியில் தொடையில் முட்டி இடிப்பது அன்றாடம் நடப்பது. ரைடர் திரும்பும்போது கேட்சரின் முட்டி தொடையின் முன்சதையில் பலமாக இறங்கும். ஆட்டம் முடிவதற்குள் தொடை கல் மாதிரி இறுகிவிடும். உடனே யாராவது எண்ணெயோடு வந்து, "ரத்தம் கட்டியிருக்கு, அழுத்தி விட்டா கலைஞ்சிரும்" என்று கட்டைவிரலை ஊன்றித் தேய்ப்பார். அக்கறையோடு செய்வதுதான். ஆனால் மசாஜில் நடக்கும் மிக மோசமான தவறுகளில் இதுவும் ஒன்று.

உள்ளே தசைநார்கள் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். தேய்த்தால் கசிவு கூடும். சிலருக்கு அந்த ரத்தக்கட்டு இருந்த இடத்தில் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கும். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்பார்கள். முழங்கால் மடங்காது, களத்துக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். முதல் 2, 3 நாள் அந்த இடத்தில் எண்ணெய், வெந்நீர் ஒத்தடம், சூடேற்றும் தைலம் எதுவும் வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு முழங்காலை மடக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்தால் போதும். நாள் போகப் போக வீக்கம் கெட்டியாகி, கால் மடங்குவது குறைந்துகொண்டே வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம்; எலும்பு தெரிய சில வாரம் ஆகும்.

கணுக்கால் சுளுக்கும் அப்படித்தான். பிடித்து இழுத்து 'சுளுக்கு எடுப்பதற்கு' முன்னால் நாலு எட்டு நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம்.

அடுத்தது, ஆட்டத்துக்குச் சற்று முன் ஆழமாக அழுத்துவது. கால் லேசானதுபோல் இருக்கும், ஆனால் பாய்ச்சலில் வேகம் குறையலாம். மேலோட்டமாக, வேகமாக, 5 நிமிடம் தேய்த்துவிட்டால் போதும். அதுகூட வார்ம்-அப்புக்கு ஈடாகாது. ஆழமான மசாஜ் தேவைப்பட்டால் போட்டிக்கு 2, 3 நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றும் என்று இன்னமும் சொல்கிறார்கள். அதை உடம்பே சுமார் ஒரு மணி நேரத்தில் சரி செய்துகொள்ளும். மறுநாள் வரும் வலிக்குக் காரணம் தசையில் ஏற்படும் நுண்ணிய சேதம். அந்த வலியை மசாஜ் ஓரளவு குறைக்கும். அதுவே நல்ல பலன்தானே, இல்லாத பலனை ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்?

வலித்தால்தான் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை இளம் வீரர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. அழுத்துபவர் சீனியர் அண்ணனாக இருந்தால் பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். மறுநாள் தோல் நீலம் பாரித்திருந்தால் அதுவும் காயம்தான். "அண்ணா, கொஞ்சம் மெதுவா" என்று அவர்கள் சொல்லும்படி பயிற்சியாளர் பழக்க வேண்டும்.

அப்புறம், ஒரே துண்டை எல்லோருக்கும் பயன்படுத்தினால் படர்தாமரை அணி முழுக்கப் பரவும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைப் பிடித்துவிடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்; அழுத்தினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். அன்றைக்கு ஆட்டம் இருந்தாலும் சரி, நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.